நிற்பதும் நின்றுவிடுவதும்

தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில், இரவு ஒன்பது மணிக்குமேல் மாம்பலத்தில் ஏறும் பெண்களை நேயர்கள் கவனித்திருக்கக்கூடும். உட்கார இடம் கிடைத்ததும் அவர்கள் செய்யும் முதற் காரியம், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டிக்கொள்வதுதான். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் பகலெல்லாம் நமக்குப் புடவை விரித்துக் காட்டியவர்கள் அவர்கள்.

சென்ற தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன், அப்படி ஏறிய ஒரு பெண், "டீச்சர், என்னை ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பத்து வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் படித்தவள். இப்போது எட்டாவது மாதம். கணுக்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"கடையில் உட்கார நாற்காலி கிடையாதா, அம்மா?" என்றேன்.

"இருக்கிறது, டீச்சர். கூட்டம் இருக்கும்போது உட்கார முடியாது. கூட்டம் இல்லாதபோது உட்கார்ந்தால், இவளுக்கு வேலையில்லை என்று எண்ணிவிடுவார்கள்" என்று சொல்லிச் சிரித்தாள். "தண்ணீர்கூட அதிகம் குடிப்பதில்லை, அடிக்கடி இடத்தை விட்டுப் போக முடியாதே! சூபர்வைசரிடம் சொல்லிப் பார்த்தேன். 'முடியாவிட்டால் நின்றுவிடு' என்கிறார்."

தமிழ் மொழியின் விசித்திரத்தை என்னவென்று சொல்வது! நிற்க முடியவில்லை என்று முறையிட்டவளுக்கு, 'நின்றுவிடு' என்பதே பதில்.

பிள்ளைத்தாய்ச்சி வெகு நேரம் நின்றால் கால் வீங்கும், நரம்பு புடைக்கும், இடுப்பு வலிக்கும். தண்ணீரைக் குறைத்துச் சிறுநீரையும் அடக்கினால், அந்தப் பாதையில் கிருமிகள் குடிபுகும்; கர்ப்ப காலத்தில் அது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. இவற்றையெல்லாம் நம் பாட்டிமார் டாக்டரைக் கேளாமலே அறிந்திருந்தார்கள். வீட்டில் நாம் ஒப்புக்கொள்ளும் உண்மை கடை வாசற்படியைத் தாண்டியதும் பொய்யாகிவிடுமா?

இதைச் சட்டமாக்கும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு வேண்டும் என்று 1919-லேயே தீர்மானித்தது. பம்பாய்ச் சட்டசபையில் 1928-ல் இதற்கான மசோதா வந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். மறு வருஷம் பம்பாயில் சட்டம் பிறந்தது. சென்னை மாகாணத்துக்கு 1934-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் 1961-ல் தேசம் முழுமைக்கும் பொதுவான சட்டம் ஏற்பட்டது. பன்னிரண்டு வாரமாக இருந்த சம்பளத்தோடு கூடிய ஓய்வு, 2017-ல் இருபத்தாறு வாரமாயிற்று.

ஓய்வைப் பற்றிப் பலரும் அறிவார்கள். ஓய்வுக்கு முந்திய நாட்களைப் பற்றிச் சட்டம் சொல்வதை அறிந்தவர்கள் சிலரே. பிரசவத்துக்கு முந்திய ஆறு வாரமும், அதற்கும் முந்திய ஒரு மாதமும், கடின வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ கர்ப்பிணிக்குக் கொடுக்கலாகாது. பிரசவ ஓய்வில் இருப்பவளை வேலையிலிருந்து நீக்குவதும் குற்றம். ஆனால் முதலில் சொன்ன பாதுகாப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: அவள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் 'கேட்டுக்கொள்ள வேண்டும்' என்பதில்தான் சட்டம் வழுக்கி விழுகிறது. தினம் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவள் எப்படிக் கேட்பாள்? கேட்டவளுக்குக் கிடைத்த பதிலைத்தான் மேலே பார்த்தோம். அவள் வேலையை விட்டால், 'தானாகவே நின்றுவிட்டாள்' என்பார்கள். தானாக நின்றவளை யாரும் நீக்கியதாகாதல்லவா?

2021-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை இதைவிட நல்ல வழி ஒன்றைக் காட்டியது. 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலையினிடையே வாய்ப்பு நேரும்போது அவர்கள் உட்காரலாம் என்று விதித்தது. இங்கே யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆயினும் நாற்காலி போடுவது வேறு, உட்கார விடுவது வேறு என்பதை என் மாணவி தெரிவித்துவிட்டாள்.

முதலாளிகள் செலவைக் காட்டி முறையிடுவதுண்டு. அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். இந்தப் பாரத்தில் பெரும் பகுதியைச் சர்க்காரே தாங்க வேண்டும் என்று அம்பேத்கரும் 1928-ல் சொன்னார். ஈ.எஸ்.ஐ.யில் உரிமை பெற்ற தொழிலாளிக்குப் பிரசவகாலப் பணத்தை இன்று அந்தக் கார்ப்பரேஷனே கொடுக்கிறது. ஆனால் ஒரு முக்காலிக்கும் ஒரு குடம் தண்ணீருக்கும் எந்தக் கார்ப்பரேஷன் வேண்டும்? 'உட்கார், அம்மா' என்று சொல்ல எவ்வளவு முதல் போட வேண்டும்?

அன்றிரவே ரயிலில் ஒரு விண்ணப்பம் எழுதி அவளிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சந்தித்தோம். அவளைப் பில் போடும் இடத்துக்கு மாற்றி, உட்கார வைத்துவிட்டார்களாம். மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கள் தளத்திலேயே இன்னொரு பெண்ணுக்கும் ஏழு மாதம் முடிந்துவிட்டது, டீச்சர்" என்றாள்.

"அவளையும் உட்கார வைத்துவிட்டார்களா?"

"இல்லை. அவள் இன்னும் கேட்கவில்லை."

அவளுக்காகக் கேட்க வேண்டியவர்கள், புடவை வாங்கப் போகும் நாம்தான். "அவசரமில்லை, உட்கார்ந்துகொண்டே காட்டு, அம்மா" என்று நாம் உரக்கச் சொன்னால், முதலாளியின் காதிலும் அது விழும்.