டொரண்ட் நச்சாக்கம்

டொரண்ட் நச்சாக்கம் என்பது, பிட்டொரண்ட் வழியாகச் சட்டத்துக்குப் புறம்பாகப் பகிரப்படும் ஒரு கோப்பின் தரவுகளோடு வேண்டுமென்றே பழுதான தரவுகளைக் கலந்து, பதிவிறக்கத்தைத் தாமதப்படுத்தும் அல்லது முடக்கும் முறையாகும். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ, தனது ‘ரோம்’ தொடரைப் பதிவிறக்குவோருக்கு எதிராக இம்முறையைக் கையாண்டதாக 2005ஆம் ஆண்டில் செய்திகள் வெளியாயின.

செயல்படும் விதம்

பிராம் கோஹன் 2001இல் உருவாக்கிய பிட்டொரண்ட் நெறிமுறையில், கோப்பு பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுப் பயனர்களின் கணினிகளுக்கிடையே நேரடியாகக் கைமாறுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் உரிய ஹாஷ் மதிப்பு டொரண்ட் கோப்பில் முன்கூட்டியே பதிந்திருக்கும். வந்து சேர்ந்த துண்டின் மதிப்பு அதனுடன் பொருந்தாவிட்டால், மென்பொருள் அத்துண்டை நீக்கிவிட்டு மீண்டும் கேட்கும். எனவே பழுதான தரவு இறுதிக் கோப்பில் சேர்வதில்லை. பதிவிறக்குபவரின் நேரமும் அலைவரிசையுமே வீணாகின்றன.

ஒவ்வொரு துண்டும் பொதுவாக 16 கிலோபைட் கொண்ட சிறு பகுதிகளாகப் பலரிடமிருந்து பெறப்படுகிறது. 1 மெகாபைட் துண்டு ஒன்றில் இத்தகைய பகுதிகள் 64 இருக்கும். அவற்றுள் ஒன்று கெட்டிருந்தாலும் ஏனைய 63 பகுதிகளும் பயனற்றுப் போகும். கெட்ட பகுதியை அனுப்பியவர் யார் என்பதும் உடனே தெரியாது.

பிற உத்திகள்

தொடரின் பெயரில் போலிக் கோப்புகளைப் பரப்புதல், தரவு எதையும் அனுப்பாமல் இணைப்புகளை மட்டும் அடைத்துக்கொள்ளுதல், பதிவிறக்குவோரின் ஐபி முகவரிகளைத் திரட்டி இணையச் சேவை வழங்குநர் வழியாக எச்சரிக்கை அனுப்புதல் ஆகியனவும் கையாளப்பட்டன.

எதிர் நடவடிக்கைகள்

தொடர்ந்து பழுதான தரவு அனுப்பும் முகவரிகளைப் பிட்டொரண்ட் மென்பொருள்கள் தாமாகவே தடை செய்கின்றன. ஐயத்துக்குரிய முகவரிகளின் தடைப்பட்டியல்களையும் பயனர்கள் பயன்படுத்துகின்றனர்.

சிக்கல்கள்

பிட்டொரண்ட் தன்னளவில் சட்டவிரோதமான தொழில்நுட்பம் அன்று. ரிவிஷன்3 என்ற இணையத் தொலைக்காட்சி நிறுவனம் தன் சொந்த நிகழ்ச்சிகளை அதன் வழியாகவே வழங்கிவந்தது. 2008 மே மாதம் அந்நிறுவனத்தின் வழங்கிகள் அளவுகடந்த இணைப்புக் கோரிக்கைகளால் முடங்கின. அவை, பதிப்புரிமை உடையோருக்காகக் கோப்புப் பகிர்வைக் குலைக்கும் பணியில் ஈடுபட்டிருந்த மீடியாடிஃபெண்டர் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து வந்தவை எனப் பின்னர் தெரியவந்தது. திருட்டுப் பதிவிறக்கத்தைத் தடுக்க அமைக்கப்பட்ட கணினிகள், எக்குற்றமும் செய்யாத ஒரு நிறுவனத்தைச் செயலிழக்கச் செய்ததால், இத்தகைய தனியார் நடவடிக்கைகளின் எல்லை எது என்ற கேள்வி எழுந்தது.

மாற்று அணுகுமுறை

காலப்போக்கில் நிறுவனங்கள் முறையான வழியை எளிதாக்குவதிலும் கவனம் செலுத்தின. 2015இல் எச்பிஓ, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ஐந்தாம் பருவத்தை 170 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் ஒரே நேரத்தில் ஒளிபரப்ப ஏற்பாடு செய்தது. ஆயினும் அப்பருவத்தின் முதல் நான்கு பகுதிகள் ஒளிபரப்புக்கு முன்பே இணையத்தில் கசிந்துவிட்டன.