ஆயிரம் இலைக்குச் சமையல்: பல கணினிகள் சேர்ந்து ஒரு கணக்கைப் போடுவது எப்படி?

மாசிக் கொடை நாட்களில் மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் அடுப்புதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பானை, அவரவர் அரிசி, அவரவர் விறகு. இன்னும் நூறு பேர் வந்தால் இன்னும் நூறு அடுப்பு, அவ்வளவுதான். பக்கத்து அடுப்பு அணைந்தாலும் நம் பொங்கல் பொங்கும். ஆனால் அதே ஊரில் ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் இலை போட வேண்டுமென்றால் விஷயமே வேறு. இருபது பேர் பார்க்கிற வேலையும் கடைசியில் ஒரே அவியலிலும் ஒரே எரிசேரியிலும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தலைமைச் சமையல்காரரான தவசுப்பிள்ளையின் திறமை தெரிவது அங்கேதான்.

கல்லூரியில் வணிகப் பகுப்பாய்வோ கணினிப் பொறியியலோ படிப்பவர்கள் ‘டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்’ என்று படிப்பது இந்தக் கல்யாணச் சமையலைத்தான். சமையல் கொட்டகையான ஆக்குப்புரைக்குள் நுழைந்து வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை: சாமானைப் பிரித்து வைப்பது

நாடு முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு பில்கள் அத்தனையும் ஒரு கணினியில் அடங்காது. எனவே கோப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பல கணினிகளில் வைக்கிறார்கள். இந்த வேலைக்கான ‘ஹடூப்’ என்ற மென்பொருள் அமைப்பில் ஒரு துண்டின் வழக்கமான அளவு 128 எம்பி. ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நகல் உண்டு. ஆக, 1 ஜிபி கோப்பு 8 துண்டாகி, நகல்களோடு 24 ஆகிறது. மூன்றையும் ஒரே அலமாரியில் அடுக்குவதில்லை. அந்த அலமாரிக்கு மின்சாரம் போனால் மூன்றும் சேர்ந்தல்லவா போகும்? தேங்காய் மூட்டை முழுவதையும் ஒரே அறையில் பூட்டி, சாவியையும் ஒருவரிடமே கொடுப்பாரா தவசுப்பிள்ளை?

இரண்டாவது: காய் வெட்டு

கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரி ஊரே காய் வெட்ட உட்காரும். ஆளுக்கொரு மூட்டை, மூட்டைக்குள் சேனை, வாழைக்காய், முருங்கை, பூசணி எல்லாம் கலந்து கிடக்கிறது. வெட்டுபவர் தன் மூட்டையை மட்டும் பார்க்கிறார். வெட்டியதை வகை பிரித்துத் தனித்தனிக் கடவத்தில் (ஓலைப்பெட்டியில்) போடுகிறார். இந்த வேலைக்குக் கணினி உலகில் ‘மேப்’ என்று பெயர். நம் துணிக்கடையில், ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள பில்களை மட்டும் படித்து, ‘வேட்டி, 450’, ‘சேலை, 1,200’ என்று பிரித்துத் தருகிறது.

அடுத்து, எல்லாருடைய கடவத்திலிருந்தும் பூசணி முழுவதும் எரிசேரி அடுப்புக்குப் போக வேண்டும். இது ‘ஷஃபிள்’. அதிக நேரம் தின்பது பெரும்பாலும் இந்த இடம்தான், ஏனென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் நடக்கிறார்கள். கடைசியில் அடுப்பில் நிற்பவர் வந்ததை ஒன்றாக்குகிறார், அது ‘ரெடியூஸ்’. வேட்டி விற்பனை மொத்தம் இவ்வளவு என்ற விடை அங்கே வருகிறது. கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004இல் ஒரு கட்டுரையில் வெளியிட்ட ‘மேப்ரெடியூஸ்’ முறையின் சாரம் இதுதான்.

இங்கே வணிக மாணவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ஒரு கிளையில் 10 பில், சராசரி 1,000 ரூபாய். இன்னொரு கிளையில் 1,000 பில், சராசரி 200 ரூபாய். இரண்டு சராசரிகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 600 வரும். உண்மையான சராசரி ஏறத்தாழ 208 ரூபாய். ஆகவே ஒவ்வொரு கணினியும் சராசரியை அனுப்பக் கூடாது. மொத்தத் தொகையையும் பில் எண்ணிக்கையையும் அனுப்ப வேண்டும். கணக்கைப் பிரித்துக் கொடுத்தால் எது சரியாகச் சேரும், எது சேராது என்று தெரிவதே இந்தப் பாடத்தின் முதல் தேர்ச்சி.

மூன்றாவது: ஆள் எழுந்து போனால்

காய் வெட்டுபவர்களில் ஒருவர் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். தவசுப்பிள்ளை அவ்வப்போது குரல் கொடுப்பதால் அது தெரிய வருகிறது. அந்த மூட்டை வேறொருவரிடம் போகிறது. ஹடூப்பில் ஒவ்வொரு கணினியும் 3 விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று தலைமைக் கணினிக்குச் சொல்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் சத்தமில்லையென்றால் அது இறந்ததாகக் கொண்டு, அதிலிருந்த துண்டுகளுக்கு வேறிடத்தில் புதிய நகல் எடுக்கிறார்கள்.

விட்டுப்போன வேலையை இப்படி வேறிடத்துக்கு மாற்றுவதன் பலனைக் கூகுளின் அந்த 2004 கட்டுரையிலேயே காணலாம். சுமார் ஒரு டெராபைட் தரவை வரிசைப்படுத்தும்போது, வேலை பார்த்த 1,746 நிரல்களில் 200ஐ வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தார்கள். 891 விநாடியில் முடிந்த வேலை 933 விநாடியில் முடிந்தது. இருநூறு பேர் பாதியில் எழுந்து போயும் பந்தி தாமதமானது 42 விநாடிதான்.

நான்காவது: உப்பு போட்டாச்சா?

ஆள் போனதைவிடச் சிக்கலானது பதில் வராதது. ‘அவியலுக்கு உப்பு போடு’ என்று சொல்லியனுப்பினோம். போட்டேன் என்ற பதில் வரவில்லை. போடவில்லையா, போட்டும் பதில் வழியில் தொலைந்ததா? மறுபடி போடச் சொன்னால் அவியல் கரிக்கும், சொல்லாவிட்டால் சப்பென்றிருக்கும்.

யுபிஐயில் பணம் அனுப்பும்போது இதே நிலைதான். அனுப்புபவரின் வங்கி, நடுவில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, பெறுபவரின் வங்கி என்று மூன்று இடத்துக் கணினிகள் ஒத்துப்போக வேண்டும். அதனால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி எண் உண்டு. அதே எண்ணில் கோரிக்கை மறுபடி வந்தால், ‘இது முடிந்த வேலை’ என்று வங்கி அடையாளம் கண்டு, இன்னொரு முறை கழிக்காமல் விடலாம். ஒரு பக்கம் கழிந்து மறுபக்கம் சேராவிட்டால் என்ன செய்வதென்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்தது: தனிநபருக்கு அனுப்பிய பணமானால் மறுநாளுக்குள், கடைக்கு அனுப்பியதானால் ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2023 ஆகஸ்டில் யுபிஐ ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. அந்த அளவில் லட்சத்தில் ஒன்று தொலைந்தாலே மாதத்துக்கு ஒரு லட்சம் பேர் தவிப்பார்கள்.

ஐந்தாவது: எதற்குக் காத்திருப்பது?

கணினிகளுக்கு இடையே தொடர்பு அறுந்தால் இரண்டே வழி. சரியான விடை கிடைக்கும்வரை காத்திருக்கலாம், அல்லது கையிலிருக்கும் பழைய விடையைத் தரலாம். கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000இல் முன்வைத்த ‘சிஏபி’ கருத்தின் மையம் இது. உதாரணமாக, ரயில்வே முன்பதிவு தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களில் இயங்கியது. 1999க்குள் ‘கன்செர்ட்’ மென்பொருள் அவற்றை ஒன்றிணைத்தது. இரணியல் நிலையத்தில் ஏறப்போகிறவருக்கு ஒதுக்கிய படுக்கையைத் தில்லியில் இன்னொருவருக்கு விற்கவே கூடாது. அங்கே காத்திருந்துதான் ஆக வேண்டும். ஆனால் துணிக்கடையின் இணையப் பக்கத்தில் ‘இதுவரை பார்த்தவர்கள்’ எண்ணிக்கை சற்றுப் பழையதாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. எது படுக்கை, எது பார்வையாளர் எண்ணிக்கை என்று தீர்மானிப்பது கணினிப் பொறியாளரின் வேலை மட்டுமல்ல. வணிகம் தெரிந்தவர் உட்கார்ந்து சொல்ல வேண்டிய முடிவு.

ஆள் கூட்டினால் போதுமா?

போதாது. பத்து மணி நேர வேலையில் ஒரு மணி நேரத்தைப் பிரிக்கவே முடியாதென்றால், ஆயிரம் பேரை அமர்த்தினாலும் அந்த ஒரு மணி நேரம் ஆகியே தீரும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் சொன்னது இதுதான். பாயாசம் குறுக எடுக்கும் நேரத்தை, சுற்றி நிற்பவர்களின் எண்ணிக்கை குறைக்காது. நான்கே கிளை உள்ள கடைக்கு ஒரு மடிக்கணினி போதும் என்று சொல்லத் தெரிவதும் படிப்பில் சேர்ந்ததே.

எப்படிப் படிப்பது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கணினிப் பொறியியலுக்கு இந்தத் துறை தனிப் பாடம். ஐஐடி பாட்னாவின் ராஜீவ் மிஸ்ரா நடத்தும் வகுப்புகள் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மண்டைக்காட்டு வீட்டிலிருந்து ஒரே மடிக்கணினியிலும் ஹடூப்பையோ அதே வகை மென்பொருளான ஸ்பார்க்கையோ ஓட்டிப் பழகலாம். ஓடியதும் நிறுத்திவிடாதீர்கள். பாதி வேலையில் ஒரு நிரலைக் கையால் நிறுத்துங்கள். விடை மாறுகிறதா, எவ்வளவு தாமதம், எந்தக் கணக்கு இரண்டு முறை ஏறியது என்று எழுதி வையுங்கள். எல்லாம் நன்றாக நடக்கும்போது என்ன விடை வரும் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். ஒன்று கெட்டால் கடைக்கு எவ்வளவு நட்டம், வாடிக்கையாளர் எத்தனை நாள் காத்திருப்பார் என்று சொல்லத் தெரிந்தவரையே கடைக்காரர் நம்புவார்.