யானை தின்ற ராகியும் ஜெர்மன் தத்துவமும்... உத்தனப்பள்ளிக்கு வந்தால் சுவைட்சர் என்ன சொல்வார்?

ராகி கதிர் முற்றும் மாதங்களில் உத்தனப்பள்ளி பக்கம் விவசாயிகளுக்குத் தூக்கம் கிடையாது. சானமாவு காட்டிலிருந்து யானைகள் எப்போது இறங்கும் என்று தெரியாது. பரண் மேல் காவல், டார்ச் லைட், பட்டாசு. ஒரு ராத்திரியில் ஒரு வருஷ உழைப்பு போய்விடும்.

அந்த ஆத்திரத்திலும் பயத்திலும்தான் சிலர் வேலியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். 2023 மார்ச்சில், பக்கத்து தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 பெண் யானைகள் இறந்தன. 2 குட்டிகள் மட்டும் உயிரோடு நின்றன.

உயிரைக் கொல்லாதே என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்வது சுலபம். பயிரை இழந்தவரிடம் என்ன சொல்வது? இந்தச் சிக்கலோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் ஆல்பர்ட் சுவைட்சர்.

1875-ல், அப்போது ஜெர்மனியிடம் இருந்த அல்சாஸில் பாதிரியார் மகனாகப் பிறந்தவர். கான்ட்டின் மதத் தத்துவத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம், தேவாலயத்தில் பிரசங்கம், பல்கலைக்கழகத்தில் போதனை, ஆர்கன் இசையில் பெரும்பெயர். இவ்வளவும் இருந்தும் 30 வயதில் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும் என்பதற்காக!

அவருடைய இறையியல் கருத்துகளைக் கண்டு மிஷன் சங்கத்துக்கே பயம். 'பிரசங்கம் செய்ய மாட்டேன், மீனைப் போல ஊமையாக இருப்பேன்' என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. 1913-ல் மனைவி ஹெலனோடு, இன்றைய காபோன் நாட்டிலுள்ள லம்பரேனேவில் இறங்கினார். முதல் சிகிச்சை அறை, ஒரு பழைய கோழிக்கூடு.

1915 செப்டம்பர். நோயாளி ஒருவரைப் பார்க்க ஒகோவே ஆற்றில் படகுப் பயணம். மூன்றாம் நாள் மாலை, நீர்யானைக் கூட்டத்தின் நடுவே படகு போகும்போது அவர் தேடிக்கொண்டிருந்த சொல் மனதில் உதித்தது: 'உயிர் மீது பயபக்தி'. நான் வாழ விரும்புவதைப் போலவே என்னைச் சுற்றியுள்ள எல்லாமே வாழ விரும்புகின்றன. அதை மதிப்பதுதான் அறம் என்பதே அவர் கண்டது.

கடவுள் நம்பிக்கை உள்ளவர்தான். ஆனால் ஒரு உயிர் இன்னொன்றைத் தின்று வாழும் இயற்கையைப் பார்த்துக் கடவுளைப் புரிந்துகொள்ள முடியாது என்றார். மனதுக்குள் அன்பாக எழும் விருப்பத்தில்தான் அவரை அறிகிறோம் என்பது அவர் எண்ணம்.

தத்துவம் பேசிவிட்டு நழுவவும் இல்லை. தூக்க நோய்க்கு மருந்து கிடைத்தபோது மகிழ்ந்தார். ஆனால் மைக்ராஸ்கோப்பில் அந்தக் கிருமியைப் பார்க்கும்போதெல்லாம் இதையும் கொல்கிறோமே என்று நினைத்தார். பிடிபட்ட பறவைக் குஞ்சை விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். அதற்காகத் தினமும் மீன்கள் சாக வேண்டியிருந்தது. மாட்டுக்காக ஆயிரம் பூக்களை அறுக்கும் விவசாயி குற்றவாளி இல்லை, ஆனால் வீடு திரும்பும் வழியில் சும்மா ஒரு பூவைத் தட்டிவிட்டால் அது தவறு என்று எழுதினார். ரோஜா பயிரிடும் ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1935-ல் இந்தியச் சிந்தனை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உலகைத் துறப்பதே இந்திய மனம் என்று அதில் அவர் சொன்னது ராதாகிருஷ்ணனுக்குப் பிடிக்கவில்லை, பதிலும் எழுதினார். ஆனால் அதே புத்தகத்தில் சுவைட்சர் மனம் நெகிழ்ந்து பாராட்டியது நம் திருக்குறளைத்தான். உலக வாழ்வை ஏற்று, அன்பில் வேர்விட்ட அறம் சொல்லும் நூல் என்றார்.

குறை இல்லாதவரும் அல்ல. ஆப்பிரிக்கர்களைத் தம்பிகளாகவும் தன்னை அண்ணனாகவும் பார்த்த மனோபாவத்துக்காக இன்றும் விமர்சிக்கப்படுகிறார். அது நியாயமான விமர்சனம்.

1952-ம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசுப் பணத்தைத் தொழுநோயாளிகள் குடியிருப்புக்குச் செலவிட்டார். 1957-ல் ஆஸ்லோ வானொலி வழியே அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியும் அதே கோரிக்கையோடு 1962-ல், 83 வயதில், அமெரிக்கா போய் கென்னடியைச் சந்தித்தார். 1965-ல் சுவைட்சர் லம்பரேனேவிலேயே மறைந்தார், கல்லறையும் அங்கேதான்.

மின்வேலி போடுகிறவரிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றாகத்தான் இருந்திருக்கும்: 'இது உண்மையிலேயே அவசியமா, வேறு வழியே இல்லையா?' அதற்குப் பரண் மேல் உட்கார்ந்திருப்பவர் மட்டும் பதில் சொன்னால் போதாது. யானை போகும் வழியில் லேஅவுட் போட்டவர்களும், இழப்பீட்டு மனுவை மேஜையில் வைத்திருப்பவர்களும் சேர்ந்து சொல்ல வேண்டும்.