சின்னதில் ஆண், பெரிதானால் பெண்: ஏன்? எப்படி?

கேரளத்தில் கொல்லம் போனால் அஷ்டமுடிக் காயல். கயிற்றில் பழைய சிப்பி ஓடுகளைக் கோத்துத் தொங்கவிட்டு அங்கே சிப்பி வளர்க்கிறார்கள். அந்தச் சிப்பியின் பெயரிலேயே மதராஸ் உண்டு: கிராசோஸ்ட்ரியா மதராசென்சிஸ். ஒன்றின் மேல் ஒன்று சிமென்ட் பூசியதுபோல் கொத்தாக ஒட்டியிருக்கும். பிரித்தால் ஓடுதான் உடையும்.

இந்தச் சிப்பிகள் இளசில் பெரும்பாலும் ஆண், வளர்ந்தபின் பலவும் பெண். ஏன்? விந்தணு மலிவான சரக்கு. சின்ன உடம்பே ஏராளமாகத் தயாரித்துவிடும். முட்டைக்கோ உள்ளே சத்துச் சேர்க்க வேண்டும், அதற்குப் பெரிய உடம்பு வேண்டும்.

எப்படி? இனப்பெருக்கச் சுரப்பி ஒன்றுதான். விந்தைக் கொட்டித் தீர்த்ததும் அது சுருங்கிவிடும். அடுத்த பருவத்தில் அங்கேயே முட்டை விளையலாம். வெளியே ஓட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

பவளத்திலும் இந்தக் கணக்கு உண்டு. ஜப்பானின் ஒகினாவாவில் காளான் பவளங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள்: சிறியவை ஆண், பெரியவை பெண். பெண்ணான சில திரும்பவும் ஆணாகின.