நங்கூரம் பிடிக்கும் இடம்

பத்து டன் எடையுள்ள பாய்மரப் படகை இரவு முழுவதும் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது இருபது கிலோ இரும்பு. எடையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இது நடக்காத காரியம். நங்கூரம் தன் எடையால் படகைப் பிடிப்பதில்லை. ஏர்க்கொழு போல மண்ணைக் கீறி உள்ளே இறங்குகிறது. தன் மேல் கிடக்கும் மண்ணின் பாரத்தையும் இறுக்கத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பிடிக்கிறது. அதனால் விலை உயர்ந்த நங்கூரம் வைத்திருப்பவரைவிட, அதைப் போட நல்ல இடம் பார்க்கத் தெரிந்தவர்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்.

இடம் பார்க்கும் இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள பஹாமாஸைப் போல ஒரு பள்ளிக்கூடம் அமைவது கடினம். ஃப்ளோரிடாவுக்குத் தென்கிழக்கே, எழுநூறுக்கு மேற்பட்ட தீவுகள். அவற்றில் பெரும்பாலானவை கடலுக்கடியில் கிடக்கும் பிரம்மாண்டமான சுண்ணாம்புக்கல் மேடைகளின் மேல் தலைநீட்டிக்கொண்டிருப்பவை. மேடைமேல் தண்ணீர் பல இடங்களில் மூன்று நான்கு மீட்டர்தான். மேடையின் விளிம்பைத் தாண்டினால் ஆயிரம் மீட்டருக்கும் மேல் அதல பாதாளம். அந்த விளிம்பின் ஓரமாக, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கோத்த மணிகள் போல நீள்வது எக்ஸூமா தீவு வரிசை. குளிர்காலத்தில் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகள் இங்கே வந்து மாதக்கணக்கில் சுற்றுகின்றன. துறைமுகம் என்று சொல்லத்தக்க இடங்கள் சில மட்டுமே. மற்ற இரவுகளில் நங்கூரம்தான் வீட்டு வாசற்படி.

முதலில் பார்க்க வேண்டியது காற்றை. அங்கே ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வியாபாரக் காற்று வீசுகிறது. எக்ஸூமா வரிசைக்குக் கிழக்கே ஆழ்கடல், மேற்கே ஆழமற்ற மேடை. ஆகவே ஏதாவது ஒரு குட்டித் தீவின் மேற்குப் பக்கமாகப் போய் ஒதுங்கினால் தீவு காற்றை முழுவதும் தடுக்காவிட்டாலும் அலையைத் தடுத்துவிடும். அலை வளர்வதற்கு ஓடுதளம் வேண்டும். கரையிலிருந்து நூறு மீட்டர் தூரத்தில் அதற்கு ஓட இடமில்லை. காற்று இரைந்தாலும் தண்ணீர் தாம்பாளத்தில் வைத்தது போலக் கிடக்கும்.

இத்தோடு முடிந்தால் பாடம் சுலபம். ஆனால் குளிர்காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து குளிர்முகங்கள், அதாவது குளிர்ந்த காற்றுத் திரள்களின் முன்விளிம்புகள், இறங்கி வருகின்றன. சில மாதங்களில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று. அது நெருங்கும்போது காற்று கடிகார முள் போலச் சுற்றத் தொடங்கும். தென்கிழக்கு தெற்காகும், தெற்கு தென்மேற்காகும். பிறகு மேற்கு, வடமேற்கு என்று திரும்பும்போது கறுத்த மேகமும் அடித்து வீசும் காற்றும் சேர்ந்து வரும். அதன்பின் ஓரிரு நாள் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பலமாக வீசிவிட்டு மறுபடியும் கிழக்குக்கே திரும்பும். நேற்று வரை தாய்மடியாக இருந்த மேற்குக் கரையில் இப்போது திறந்த மேடையின் குறுக்கே பல மைல் ஓடி வந்த அலை மோதுகிறது. படகுக்குப் பின்னால் பாறை. இரவு இரண்டு மணி.

இந்த இரட்டைக் குணம் நமக்கும் தெரிந்ததுதான். ராமேஸ்வரம் பக்கத்தில் பாக் நீரிணைப் பக்கக் கடலைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தென்கடல் சீறும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஆனால் வாடை வந்துவிட்டால் வடகடலின் குணமும் மாறிவிடும். தீவு ஒன்றுதான், எந்தப் பக்கம் ஒதுக்கு என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. நம் பக்கத்தில் காற்று மனம் மாற அரையாண்டு எடுத்துக்கொள்கிறது. எக்ஸூமாவில் அரை நாள் போதும்.

அதனால் அங்கே பழகிய மாலுமி ஓர் இடத்தைப் பார்த்ததும் “இங்கே நன்றாக இருக்கிறதா?” என்று மட்டும் கேட்பதில்லை. “மேற்கே திரும்பினால் எங்கே போவேன்? இருட்டில் இங்கிருந்து வெளியேற முடியுமா?” என்றும் கேட்டுக்கொள்கிறார். நீந்தும் பன்றிகளுக்குப் பெயர்போன பிக் மேஜர் தீவின் வெண்மணற் கரை இதற்கு நல்ல உதாரணம். கிழக்குக் காற்றில் அங்கே படகுகள் திருவிழாக் கூட்டமாக நிற்கும். மேற்குக்கோ அது முழுக்கத் திறந்த வாசல். வானிலை அறிவிப்பில் குளிர்முகம் என்ற சொல் வந்ததும் கூட்டம் கலையத் தொடங்கிவிடும். பன்றிகளுக்கு அந்தக் கவலை இல்லை.

காற்றுக்கு அடுத்தது கண். இந்தக் கடலில் வரைபடத்தையும் ஆழம் காட்டும் கருவியையும் மட்டும் நம்பிப் போக முடியாது. மணல் திட்டுகள் இடம் மாறும்; ஆழமானி படகுக்கு நேர் கீழே இருப்பதைத்தான் சொல்லும், முன்னால் இருப்பதைச் சொல்லாது. ஆகவே தண்ணீரின் நிறத்தைப் படிக்கிறார்கள். தண்ணீர் சூரிய ஒளியில் சிவப்பை முதலில் விழுங்குகிறது, நீலத்தைக் கடைசிவரை விட்டுவைக்கிறது. அடியில் வெண்மணல் இருந்தால் மிச்ச ஒளி திரும்பி மேலே வரும். முழங்கால் ஆழத்தில் அது ஏறக்குறைய வெள்ளை. மூன்று நான்கு மீட்டரில் மயில்கழுத்துப் பச்சை. பத்துக்கு மேல் நீலம். மேடையின் விளிம்புக்கு அப்பால் மைப்புட்டியைக் கவிழ்த்தது போன்ற நிறம்.

சிக்கல் கருந்திட்டுகளில்தான். நடுவில் கறுப்பாக ஒன்று தெரிந்தால் அது கடற்புல்லாக இருக்கலாம், தண்ணீர் மட்டம் வரை எழும்பிய பவளப்பாறையாக இருக்கலாம், வெறும் மேக நிழலாகவும் இருக்கலாம். நிழல் நகரும். புல்லின் ஓரம் கலைந்து கிடக்கும். பவளப்பாறை பழுப்பேறி, விளிம்பு வெட்டியது போலத் தெரியும். இவற்றைப் பிரித்தறியச் சூரியன் உயரத்திலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்க வேண்டும். எதிரே இருந்தால் கடல் தகரம் போலப் பளபளக்கும், ஒன்றும் தெரியாது. தலைநகர் நாசோவிலிருந்து எக்ஸூமாவுக்குப் போகும் வழியில் யெல்லோ பேங்க் என்ற பகுதியில் பவளப் பாறைகள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. போகிற திசை கிழக்கும் தெற்குமாக இருப்பதால் விடியற்காலையில் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும். வெயில் ஏறிய பிறகே அந்த இடத்தை எட்டும்படி புறப்படுகிறார்கள். முகப்பில் ஒருவர் கறுப்புக் கண்ணாடியுடன் நின்று கையால் வழிகாட்ட, சுக்கானில் இருப்பவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போகிறார். செயற்கைக்கோள் காலத்திலும் இது மாறவில்லை. இருட்டியபின் தெரியாத துறைக்குள் நுழைவதில்லை என்பதை மட்டும் யாரும் விவாதிப்பதே இல்லை.

இனி தரை. பஹாமாஸ் மணல் ஆற்றில் அடித்து வந்த மணல் அல்ல. அங்கே ஆறே கிடையாது என்று சொல்லிவிடலாம். வெதுவெதுப்பான ஆழமற்ற கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, அலையில் உருளும் துகள்களின் மேல் படலம் படலமாகப் படிந்து, ஜவ்வரிசியின் குட்டித்தம்பி போன்ற உருண்டை மணிகளாகத் திரள்கிறது. அவற்றோடு சிப்பிகள், பாசிகள், பவளங்கள் இவற்றின் ஓட்டுத் தூளும் சேர்ந்ததுதான் அந்தப் பளிங்கு வெண்மை. ஒரு முழம் இரண்டு முழம் கனமாக இது கிடந்தால் நங்கூரத்துக்கு விருந்து. ஆனால் பல இடங்களில் மணல் நாலு விரற்கடைதான், அடியில் சுண்ணாம்புப் பாறை. குறிப்பாக, தீவுகளுக்கு இடையிலுள்ள நீர்வழிகளில் ஓதநீர் உள்ளேயும் வெளியேயும் ஆறு போல ஓடித் தரையைக் கழுவிவிடுகிறது. நீர்வழி ஓரத்து அழகான நீலத்தைப் பார்த்து மயங்கி நங்கூரம் போட்டவருக்கு, அது பாறையில் கரகரவென்று இழுபடும் சத்தம் சங்கிலி வழியாக மேலே கேட்கும்.

பழைய மாலுமிகள் தரையை அறிய ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி. அதில் விலங்குக் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். குண்டு மேலே வரும்போது கொழுப்பில் மணலோ சேறோ சிப்பித்தூளோ ஒட்டியிருக்கும். எதுவும் ஒட்டாமல் வந்தால் கீழே பாறை. வெப்பக் கடலில் இதைவிட எளிய வழி ஒன்று உண்டு: முகமூடியை மாட்டிக்கொண்டு குதித்துவிடுவது. நங்கூரத்தின் அலகு மண்ணுக்குள் போயிருக்கிறதா, புல்லின் மேல் சும்மா படுத்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். குளிர்க்கடல் மாலுமிகளுக்கு எளிதில் கிட்டாத சலுகை இது.

நங்கூரத்தின் வடிவத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு பெரிய விஞ்ஞானியின் கை இருக்கிறது. பாய்மங்களின் கொந்தளிப்பைப் பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜெஃப்ரி டெய்லர், பாய்மரப் படகுப் பித்தர். பழைய கொக்கி நங்கூரத்தின் ஓர் அலகு எப்போதும் மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு வீணாக நிற்பதை அவரால் சகிக்க முடியவில்லை. 1933-இல் கலப்பை வடிவ நங்கூரத்துக்கு அவர் காப்புரிமை பெற்றார். எடை குறைவு, பிடி அதிகம். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கரான ரிச்சர்ட் டான்ஃபோர்த், இரண்டு தட்டையான அகன்ற அலகுகள் கொண்ட இன்னொரு வகையைப் படைவீரர்களைக் கரையிறக்கும் படகுகளுக்காகப் புகழ்பெறச் செய்தார். மணலில் அதன் பிடி அபாரம். ஆனால் காற்று திசைமாறி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு, மறுபடி புதையாமல் சறுக்கும் வழக்கமும் உண்டு. குளிர்முகக் காற்று சுற்றிவரும் கடலில் அது சாதாரணக் குறை அல்ல. பிடுங்கப்பட்டாலும் தானே நிமிர்ந்து மறுபடி புதையும் புதிய வடிவங்கள் பின்னால் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த நங்கூரமானாலும் இழுப்பு தரையோடு தரையாக வந்தால்தான் அது புதையும். மேல்நோக்கி இழுத்தால் கிழங்கைப் பிடுங்குவது போலக் கழன்றுவிடும். ஆகவே ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று சங்கிலியை விடுகிறார்கள். பலத்த காற்றுக்குப் பத்து மடங்கு. இந்தக் கணக்கில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஆழமானி மூன்று மீட்டர் காட்டுகிறது. ஏழால் பெருக்கி இருபத்தொன்று விடுகிறார்கள். ஆனால் படகின் முகப்பு தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓதம் ஏறினால் இன்னொரு மீட்டர். உண்மையான உயரம் ஐந்து, தேவை முப்பத்தைந்து. இருபத்தொன்று விட்டவருக்கு நள்ளிரவு ஏற்றத்தில் நாலு மடங்குதான் மிஞ்சும். ஆழம் குறைந்த கடலில் இந்த மறதிக்கு விலை அதிகம், ஏனென்றால் அந்தச் சின்ன எண்ணோடு ஒரு மீட்டர் கூடுவதே பெரிய பங்கு. இன்னொன்று: காற்றின் வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும், மும்மடங்கானால் ஒன்பது. மாலையில் பத்து நாட் (மணிக்குப் பத்து கடல் மைல்) காற்றில் நன்றாகப் பிடித்தது என்பது இரவு முப்பது நாட் காற்றுக்கு எந்த உத்தரவாதமும் தராது. அதனால்தான் நங்கூரத்தை இறக்கியபின் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, வேண்டுமென்றே இழுத்துப் பார்க்கிறார்கள்.

முப்பத்தைந்து மீட்டர் சங்கிலியும் பன்னிரண்டு மீட்டர் படகும் சேர்ந்தால், காற்று திரும்பும்போது படகு போடும் வட்டத்தின் குறுக்களவு தொண்ணூறு மீட்டருக்கு மேல் வரும். அந்த வட்டத்துக்குள் பாறையோ பக்கத்துப் படகோ இருக்கக் கூடாது. இடுக்கான நீர்வழியில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓதம் திசை மாறும் இடத்தில், இந்த வட்டத்துக்கு இடம் கிடையாது. அங்கே இரண்டு நங்கூரங்களை ஓட்டத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் எதிரெதிராகப் போட்டு, இரண்டு கயிறுகளையும் முகப்பிலேயே கட்டுவார்கள். படகு நின்ற இடத்திலேயே செக்கு மாடு போலத் திரும்பிக்கொள்ளும். உலகம் முழுக்க மாலுமிகள் இதை ‘பஹாமாஸ் கட்டு’ என்றே அழைக்கிறார்கள்.

ஓதத்தின் இன்னொரு குறும்பு, அது இறங்கும் என்பது. ஒன்றரை மீட்டர் ஆழம் தேவைப்படும் படகை, ஏற்றத்தின்போது இரண்டு மீட்டர் தண்ணீரில் நிறுத்தினால் ஆறு மணி நேரத்தில் அது தரைதட்டிச் சாய்ந்துவிடும். தட்டிவிட்டால் செய்ய வேண்டியது: சின்னப் படகில் ஒரு நங்கூரத்தை ஏற்றி ஆழமான பக்கம் கொண்டுபோய்ப் போட்டு, அதைப் பிடித்துப் படகை இழுப்பது. 1492 டிசம்பர் 24 இரவு, இன்றைய ஹெய்தியின் வடகரையில் காற்றே இல்லாத அமைதியில் கொலம்பஸின் சாண்டா மரியா திட்டில் ஏறியது. சுக்கானைப் பிடித்திருந்தது ஒரு சிறுவன். கொலம்பஸ் இட்ட கட்டளையும் இதேதான். ஆனால் நங்கூரத்தோடு அனுப்பிய ஆட்கள் பயந்து பக்கத்துக் கப்பலுக்கு ஓடிவிட்டார்கள். கப்பல் மீளவில்லை.

நங்கூரம் தரைக்கும் கேடு செய்யும். பவளத்தின் மேல் விழும் சங்கிலி பல பத்தாண்டு வளர்ச்சியைச் சில நிமிடத்தில் நொறுக்கும். கடற்புல்லில் கீறிய தழும்பு ஆற ஆண்டுகள் பிடிக்கும். புல்லில் நங்கூரம் சரியாகப் பிடிப்பதும் இல்லை என்பதால், வெண்மணல் திட்டைத் தேடிப் போடுவது இரு தரப்புக்கும் லாபம். 1958-இல் அமைந்த எக்ஸூமா தரை-கடல் பூங்காவில், பல இடங்களில் நிரந்தர மிதவைகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். படகுகள் கட்டணம் செலுத்தி அவற்றில் கட்டிக்கொள்கின்றன.

வரிசையின் தென்கோடியில், கிரேட் எக்ஸூமாவின் ஜார்ஜ் டவுன். ஊருக்கும் எதிரே உள்ள ஸ்டாக்கிங் தீவுக்கும் நடுவே ஒரு மைல் அகலத்தில் நீண்ட துறை. குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் ஸ்டாக்கிங் தீவின் மணற்கரையை ஒட்டி, எல்லா முகப்பும் கிழக்கைப் பார்க்க நிற்கும். ஒரு பிற்பகலில் காற்று தெற்கே நழுவும். முகப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். யாராவது ஒருவர் சங்கிலியை உருட்டி ஏற்றத் தொடங்குவார், பக்கத்துப் படகுக்காரர் வானத்தைப் பார்ப்பார், பிறகு அவரும் தொடங்குவார். இருட்டுவதற்குள் பல படகுகள் துறையைக் குறுக்கே கடந்து ஊர்ப்பக்கம் போய், மேற்குக் காற்றுக்கு ஒதுங்கி நங்கூரம் இறக்கியிருக்கும். இரண்டு நாள் கழித்து, காற்று வடகிழக்குக்கு வந்ததும், அதே ஒரு மைலைத் திரும்பக் கடந்து பழைய மணலுக்கே போவார்கள்.