குளிர் தேசத்து மரங்களுக்கு ஏப்ரல் ஏன் ஆபத்தான மாதம்?

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் கொஞ்சம் வினோதமான ஒரு அரசு வேலை இருக்கிறது. அந்த மாநிலத்தின் சட்டமன்றச் செயலர், குளிர்காலம் முடியும் நேரத்தில் ஒரு ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் முதல் மொட்டு பிளந்து பச்சை இலை எட்டிப் பார்த்ததும் தேதியைப் பதிவேட்டில் எழுதுவார், ஊருக்கு அறிவிப்பார். அன்றைக்குத்தான் அங்கே அதிகாரப்பூர்வமாக வசந்தம் பிறக்கிறது. 1818 முதல் நடக்கும் வழக்கம் இது. ஒரு மரம் பட்டுப்போனால் அதே வரிசையில் இன்னொன்றைத் தேர்ந்தெடுத்து வேலையைத் தொடர்கிறார்கள்.

இந்த மரத்துக்கு அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் குறிப்புகளும் உண்டு. தம்போரா எரிமலை வெடித்து உலகமே குளிர்ந்துபோன 1816-ல், ஏப்ரல் பிற்பகுதிவரை மொட்டு வாய் திறக்கவில்லை. 2002-லோ கதை தலைகீழ். டிசம்பர் முடிவதற்குள்ளாகவே இலை வந்துவிட்டது! குளிர்காலம் பாதிகூடத் தாண்டவில்லை.

மரம் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டதா? அப்படியென்றால் மரம் எதைக் கணக்குப் பார்க்கிறது?

போன கோடையில் தயாரான இலை

முதலில் ஒரு விஷயம். வசந்தத்தில் வரும் துளிர் வசந்தத்தில் உருவானது அல்ல. குளிர்ப் பிரதேசத்தின் பெரும்பாலான அலங்கார மரங்கள், அடுத்த ஆண்டுக்கான இலையையும் பூவையும் முந்தைய கோடையிலேயே செய்து, மடித்து, மொட்டுக்குள் வைத்துவிடுகின்றன. ஹார்ஸ் செஸ்ட்நட்டின் பெரிய மொட்டைக் குளிர்காலத்தில் நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால், உள்ளே பஞ்சு போன்ற ரோமம் போர்த்திய குட்டி இலைகள் இருக்கும். சில மொட்டுகளில் முழுப் பூங்கொத்தே இருக்கும். வெளியே பிசுபிசுவென்று பிசின் பூசிய செதில்கள். ஏப்ரலில் நாம் பார்ப்பது, ஏற்கெனவே பேக் செய்து வைத்த பெட்டியைத் திறப்பது மட்டும்தான்.

திறப்பதற்கு மரம் இரண்டு கணக்குகளைப் பார்க்கிறது. ஒன்று குளிர், மற்றொன்று வெப்பம். குளிரை எண்ணுவதுதான் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பூஜ்யத்துக்குச் சற்று மேலே, சுமாராக 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் மொட்டு போதுமான வாரங்கள் கிடந்தாக வேண்டும். அதற்கு முன்னால் எவ்வளவு வெயில் அடித்தாலும் அசையாது. பாப்லர், பிர்ச் போன்ற மரங்களில் இது எப்படி நடக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் மொட்டின் செல்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வழிகளை மாவுச்சத்தின் உறவுக்காரப் பொருள் ஒன்று அடைத்துவிடுகிறது. வளர்ச்சிக்கான சிக்னல் உள்ளே போக முடியாது. குளிர் நாட்கள் கூடக் கூட அந்த அடைப்பு கரைகிறது.

ஜெர்மனியில் இதை ஒரு பண்டிகை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 4, புனித பார்பரா நாள் அன்று செர்ரிக் கிளையை வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வைத்தால், கிறிஸ்துமஸ் சமயத்தில் பூக்கும். ஆனால், அதற்கு முன்பே வெளியே நல்ல குளிர் அடித்திருக்க வேண்டும். அக்டோபரில் வெட்டிய கிளை சும்மாவே நிற்கும். குளிர்க் கணக்கு முடியவில்லையே!

அது முடிந்த பிறகுதான் வெப்பக் கணக்கு. தினமும் கிடைக்கும் கதகதப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஓர் அளவைத் தொட்டதும் மொட்டு வீங்கும், பிளக்கும். பீச் போன்ற சில மரங்கள் பகல் பொழுது நீள்கிறதா என்பதையும் பார்க்கும். அதனால், பிப்ரவரியில் திடீரென வரும் வெயிலுக்கு அவ்வளவு எளிதில் மயங்காது. போர்சிதியா என்ற மஞ்சள் பூப் புதர் இதற்கு நேர்மாறு. கொஞ்சம் கதகதப்பு கிடைத்தால் போதும், இலைக்குக்கூடக் காத்திராமல் பூத்துத் தள்ளிவிடும். ஹாம்பர்க் நகரில் ஒரு பாலத்தின் அருகே உள்ள போர்சிதியா எந்தத் தேதியில் பூக்கிறது என்பதை 1945 முதல் குறித்துவருகிறார்கள்.

திரும்பி வர முடியாத பாதை

இனிதான் சிக்கல். மொட்டு மூடியிருக்கும்வரை மரத்துக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. செல்களில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி வெளியேறி, செல்களுக்கு இடையே உறைகிறது. உள்ளே மிஞ்சுவது சர்க்கரை கூடிய கெட்டிக் கரைசல். அது லேசில் உறையாது. பீச் மரத்தின் மொட்டு நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 25 டிகிரியைக்கூடச் சமாளிக்கும். அதே மொட்டு பிளந்து இலையாகிவிட்டால் மைனஸ் 5 போதும், காலி.

காரணம், இலை விரிய வேண்டுமென்றால் செல்கள் தண்ணீரை நிரப்பி ஊத வேண்டும். ஊதிய செல்லுக்கு உறைபனியைத் தாங்கும் கவசம் கிடையாது. பனிக்கட்டி உருவானால் செல்லின் சவ்வு கிழியும். மறுநாள் வெயில் ஏறியதும் இலை வதக்கிய கீரை மாதிரி துவண்டு, கருத்துப்போகும். சரி, குளிர் திரும்ப வருகிறதே என்று மறுபடி மூடிக்கொள்ளலாமா என்றால், முடியாது. பிளந்த மொட்டு பிளந்ததுதான்.

இதைப் பளிச்சென்று காட்டிய சம்பவம் 2017-ல் வாஷிங்டனில் நடந்தது. 1912-ல் டோக்கியோ பரிசளித்த செர்ரி மரங்கள் அங்கே பிரபலம். அந்த ஆண்டு பிப்ரவரி வழக்கத்துக்கு மாறாகக் கதகதப்பாக இருந்ததால், யோஷினோ ரக மரங்கள் முந்திக்கொண்டன. மார்ச் நடுவில் கடும் உறைபனி வந்தது. விரியும் நிலைக்கு வந்திருந்த யோஷினோ பூக்களில் சுமார் பாதி கருகின. அதே மரங்களில் இன்னும் சில நாட்கள் பின்தங்கியிருந்த மொட்டுகள் தப்பிப் பிழைத்து, மார்ச் கடைசியில் பூத்தன. தாமதமாகப் பூக்கும் கன்சான் ரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஊர், ஒரே இரவு, ஒரே குளிர். யார் எவ்வளவு தூரம் திறந்திருந்தார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

'உலகம்தான் சூடாகிறதே, அப்புறம் உறைபனி பற்றி என்ன கவலை?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், குளிர்காலம் சராசரியாகச் சூடாவது வேறு, கடைசி உறைபனி நாள் முன்னால் நகர்வது வேறு. இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 2007-ல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மார்ச் மாதம் கொளுத்தியது. மரங்கள் எல்லாம் துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் ஆர்க்டிக் காற்று இறங்கி, அந்தப் பச்சையையெல்லாம் பழுப்பாக்கிவிட்டுப் போனது. அந்த ஏப்ரல் குளிர் சரித்திரம் காணாதது என்றில்லை. மார்ச் வெயில் மரங்களை முன்கூட்டியே திறக்க வைத்ததுதான் சேதத்தைப் பெரிதாக்கியது.

கருகிய மரத்தை என்ன செய்வது?

டொரன்டோ பக்கம், ஸ்கார்பரோவிலோ மார்க்கமிலோ வீடு வாங்கி, முன்வாசலில் ஜப்பானிய மேப்பிளும் மேக்னோலியாவும் ஹைட்ரேஞ்சியாவும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது வெறும் பொது அறிவு அல்ல. நர்சரியில் கொட்டிக் கொடுத்து வாங்கிய மரம், ஒரே இரவில் கருகி நிற்கும்போது வயிறு எரியும்.

உடனே கத்தரிக்கோலைத் தூக்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் காரியம். வேண்டாம். மரம் எல்லா மொட்டுகளையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. பட்டைக்கு அடியில் ரிசர்வ் மொட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கும். முதல் இலைகள் போனால் சில வாரங்களில் அவை எழுந்து இரண்டாவது சுற்றுத் துளிர் விடும். இது இலவசம் அல்ல, வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்த சேமிப்பில் கை வைத்துத்தான் மரம் இதைச் செய்கிறது. அதனால் அந்தக் கோடையில் தண்ணீர்க் குறை வைக்கக் கூடாது. கிளை உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகமா? நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஜூன் நடுப்பகுதிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு, அப்போதும் காய்ந்தே கிடக்கும் கிளையை மட்டும் வெட்டலாம்.

ஜப்பானிய மேப்பிளின் துளிர் சிவப்பாக வருவதைப் பார்த்துக் கருகிவிட்டதோ என்று பயப்படுபவர்களும் உண்டு. அது நம் மாந்தளிரின் சிவப்பைப் போன்றதுதான், ஆந்தோசயனின் என்ற நிறமி. பிஞ்சு இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்கும் குடை என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம்.

உறைபனி எச்சரிக்கை வந்தால் செய்யக்கூடியதும் இருக்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் மோசம். பகலில் தரை வாங்கிய சூடு நேராக வானத்துக்குத் தப்பிவிடும். சாயங்காலமே புதரின் மேல் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, தரைவரை தொங்கவிட்டால், மண்ணிலிருந்து எழும் சூடு உள்ளேயே தங்கும். இலையில் ஒட்டும்படி பிளாஸ்டிக்கைச் சுற்றினால் பலனில்லை, தொடும் இடத்தில்தான் முதலில் கருகும். காலையில் எடுத்துவிட வேண்டும். வளர்ந்த மரத்துக்கு இதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அதற்குத் தன் கணக்கு மட்டும்தான் துணை.

கடைசியாக ஹைட்ரேஞ்சியா. 'இலை நன்றாக வருகிறது, பூ மட்டும் வருவதே இல்லை' என்ற புலம்பல் கனடாவில் சகஜம். கடையில் நீலமும் ரோஸுமாக ஆசைகாட்டும் பெரிய இலை ரகம், பெரும்பாலும் முந்தைய ஆண்டுக் கிளையில்தான் பூ மொட்டை வைக்கும். டொரன்டோ குளிரோ ஏப்ரல் உறைபனியோ அதைக் கொன்றுவிட்டால், அடியிலிருந்து இலை தழைக்கும், பூ இருக்காது. உறைபனி விட்டுவைத்த ஆண்டிலும், மார்ச்சில் 'சுத்தம் செய்கிறேன்' என்று கிளைகளை வெட்டினால் அதே கதைதான். லைலாக், போர்சிதியாவுக்கும் இதே விதி என்பதால், அவற்றை எப்போதும் பூத்து முடிந்த கையோடு வெட்ட வேண்டும். அந்த ஆண்டில் வளரும் புதுக் கிளையிலேயே பூக்கும் பேனிகுலேட்டா ஹைட்ரேஞ்சியாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. மார்ச்சில் தாராளமாக வெட்டலாம், ஜூலைக்கு மேல் பூத்துவிடும்.