மசோதாவை மடக்கிய வரிசை

கலிபோர்னியாவின் தலைநகர் சேக்ரமென்டோ, 2018 ஏப்ரல் 25. சட்டமன்றக் கல்விக் குழு கூடிய அறைக்கு வெளியே, தாழ்வாரம் நெடுகப் பிள்ளைகுட்டிகளோடு பெற்றோர் வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்தார்கள், பேரைச் சொன்னார்கள், ‘இந்த மசோதாவை எதிர்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர், சுமார் மூன்று மணி நேரம். எல்லோரும் பேசி முடித்தபின், மசோதாவை வாக்கெடுப்புக்கு முன்மொழிய ஓர் உறுப்பினர்கூட முன்வரவில்லை. ஏபி 2756 என்ற அந்த மசோதா அங்கேயே முடிந்துபோனது.

அந்த மசோதா சும்மா முளைத்ததல்ல. அதே ஆண்டு ஜனவரியில், பெரிஸ் நகரில் 13 பிள்ளைகளை அவர்களின் பெற்றோரே வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தது வெளியே தெரிந்தது. சிலரைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். அவர்களில் 17 வயதுப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியே தப்பி போலீசுக்குப் போன் செய்ததால்தான் விஷயம் அம்பலமானது. தகப்பன் அந்த வீட்டைத் தனியார் பள்ளி என்று அரசிடம் பதிவு செய்திருந்தார். கலிபோர்னியாவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் ‘வீட்டுக்கல்வி’ நடத்துவோர் பலரும் இப்படித்தான் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புகிறார்கள். அந்த வட்டாரத்து உறுப்பினரும் முன்னாள் ஆசிரியருமான ஹோசே மெடினா, இத்தகைய வீடுகளில் ஆண்டுதோறும் தீயணைப்புத் துறை சோதனை நடத்தவேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்பு கிளம்பியதும் சோதனையைக் கைவிட்டு, விவரம் சேகரித்தால் போதும் என்று இறங்கிவந்தார். அதற்கும் வழி பிறக்கவில்லை.

எவனோ செய்த குற்றத்துக்கு எங்கள் வீட்டை ஏன் சோதிக்கவேண்டும் என்பது பெற்றோரின் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், கேள்வியில் நியாயம் இருந்தால் மட்டும் மசோதா வீழ்ந்துவிடாது. அதற்கு அமைப்பு வேண்டும். 1983இல் மைக்கேல் ஃபாரிஸ், மைக்கேல் ஸ்மித் என்ற இரு வழக்கறிஞர்கள் தொடங்கிய ‘வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கம்’ இந்த வேலையில் கைதேர்ந்தது. மாநிலங்களில் தனித்தனிச் சங்கங்களும் உண்டு. மசோதா தாக்கலானதுமே அது எந்தக் குழுவுக்குப் போகிறது, அதில் யார் யார், அவர்கள் எந்தத் தொகுதி என்று பார்த்து, அந்தத் தொகுதிக் குடும்பங்களுக்குத் தகவல் அனுப்புகிறார்கள். தொகுதி வாக்காளரின் தொலைபேசி அழைப்புக்கு உள்ள மரியாதை, கோட்டு சூட்டு போட்ட தரகருக்குக் கிடையாது.

இந்த வித்தை வாஷிங்டனிலும் பலித்திருக்கிறது. 1994இல் ஜார்ஜ் மில்லர் என்ற உறுப்பினர், ஆசிரியர்களுக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கும் ஒரு பிரிவை மத்திய மசோதாவில் சேர்த்தார். அது வீட்டில் கற்பிப்போருக்கும் பொருந்திவிடும் என்று பயந்த பெற்றோரின் அழைப்புகளில் நாடாளுமன்றத் தொலைபேசிகள் திணறின. அந்தப் பிரிவு 424–1 என்ற வாக்கில் நீக்கப்பட்டது. அந்த ஒற்றை வாக்கு மில்லருடையது. 2025இல் இல்லினாயிலும் அதே கதை. வீட்டில் கற்பிப்பதைப் பள்ளி மாவட்டத்துக்கு அறிவிக்கச் சொன்ன மசோதா குழுவைத் தாண்டியது; ஆயிரக்கணக்கானோர் தலைநகரில் திரண்டார்கள்; அந்த வசந்தகாலக் கூட்டத்தொடரில் அவையின் வாக்கெடுப்புக்கே அது வரவில்லை.

மறுதரப்பும் இருக்கிறது. வீட்டுக்கல்வியில் வளர்ந்தவர்களே சேர்ந்து 2013இல் தொடங்கிய ‘பொறுப்பான வீட்டுக்கல்விக் கூட்டமைப்பு’ குறைந்தபட்சக் கண்காணிப்பு கேட்கிறது. அவர்கள் பின்னால் ஆயிரம் பேர் வரிசை இல்லை.

குடிமக்கள் நேரில் வந்து தங்கள் பிரதிநிதியைக் கேள்வி கேட்பது ஜனநாயகத்தின் அழகு. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பெரிஸ் வீட்டின் 13 பேரால் எந்த வரிசையிலும் வந்து நின்றிருக்க முடியாது. வீட்டுக்குள் சோதனை வேண்டாம் என்பது சரி. ஒரு குழந்தை பள்ளிக்கு வெளியே படிக்கிறது என்ற தகவலாவது அரசிடம் இருக்கவேண்டும். அதையும் மறுப்பது உரிமைப் போராட்டம் ஆகாது.